செமினாருக்குப் படித்துப்போக ஜோட்டெரோ: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

பல்கலைக்கழக செமினாரில் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கட்டுரையைப் படித்தாகிவிட்டது, கருத்தையும் சொல்லியாகிவிட்டது. "ஆசிரியர் இதை எந்த இடத்தில் சொல்கிறார்?" என்று பேராசிரியர் கேட்கிறார். பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. செமினாருக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்துவது என்றாலே நம் துறைகளில் பவர்பாயின்ட் செய்யவும், மேடையில் தடுமாறாமல் பேசவும் பழக்குவது என்றாகிவிட்டது. ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் கருத்தரங்குக்கு அது போதும். எல்லோரும் ஒரே கட்டுரையைப் படித்து வந்து வாதாடுகிற செமினாருக்குப் போதாது. அங்கே தேவைப்படுவது, சொல்வதைப் பக்க எண்ணோடு உடனே எடுத்துக் காட்டுவது. அந்த ஒரு வேலைக்கு ஜோட்டெரோ எவ்வளவு தூரம் பயன்படுகிறது என்று பார்ப்பதே இந்த மதிப்புரை.

ஜோட்டெரோ, படிக்கும் கட்டுரைகளையும் நூல்களையும் சேர்த்து வைத்து மேற்கோள் காட்ட உதவும் இலவச, திறமூல மென்பொருள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நீட்சியாகத் தொடங்கியது. இப்போது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தனி மென்பொருளாக ஓடுகிறது. ஐபோன், ஐபேட், ஆண்ட்ராய்டு செயலிகளும் இருக்கின்றன. இதைத் தெரிந்தவர்களில் பலர், ஆய்வேட்டின் கடைசியில் துணைநூற்பட்டியல் போட்டுத்தரும் கருவியாக மட்டுமே தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி முறையியல் பயிலரங்குகளிலும் சொல்லித்தருவது பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான். 2022 மார்ச்சில் வந்த 6-ஆம் பதிப்பு பிடிஎஃப் வாசிப்பானை மென்பொருளுக்குள்ளேயே கொண்டுவந்தது. 2024 ஆகஸ்டில் வந்த 7-ஆம் பதிப்பு இபப் வடிவ மின்னூல்களையும் சேமித்த இணையப் பக்கங்களையும் அதே வாசிப்பானில் திறக்கவைத்தது. செமினாருக்கு இது கருவியானது அந்த வாசிப்பான் வந்த பிறகுதான்.

படிப்பதும் கோடிடுவதும்

முதல் வேலை கட்டுரையை உள்ளே கொண்டுவருவது. பிடிஎஃப் கோப்பை இழுத்துப் போட்டால் போதும். முதல் சில பக்கங்களின் எழுத்தை வைத்து, ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழ், ஆண்டு ஆகியவற்றைத் தானே தேடி நிரப்பிக்கொள்ளும். ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரை, அதிலும் டிஓஐ எண் (இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் எண்) உள்ளது என்றால் அநேகமாகப் பிழையே வராது. கோப்பு கையில் இல்லாமல் எண் மட்டும் இருந்தால், மந்திரக்கோல் படம் போட்ட பொத்தானை அழுத்தி டிஓஐ அல்லது நூலுக்கான ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுக்கலாம். விவரம் வந்துவிடும், இணையத்தில் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி இருந்தால் கோப்பையும் தேடிப் பார்க்கும்.

ஒவ்வொரு செமினாருக்கும் ஒரு கலெக்ஷன், அதாவது கட்டுரைகளின் தொகுப்பு, போடுங்கள். ஒரே கட்டுரை மூன்று கலெக்ஷன்களில் இருக்கலாம், அதற்காக மூன்று பிரதிகள் உருவாகாது. இங்கே பலர் குழம்புகிறார்கள்: ஃபோல்டர் என்று நினைத்துக்கொண்டு, ஒரு கலெக்ஷனிலிருந்து எடுத்தால் கட்டுரையே போய்விடும் என்று பயப்படுவார்கள். கலெக்ஷனிலிருந்து நீக்குவது வேறு, குப்பைத்தொட்டிக்கு அனுப்புவது வேறு. மெனுவில் இரண்டும் தனித்தனியாக இருக்கும்.

வாசிப்பானில் எட்டு நிறங்கள் உண்டு. எட்டையும் பயன்படுத்தினால் எதற்கு எது என்று இரண்டாம் வாரமே மறந்துபோகும். விவாத செமினாருக்கு நான்கு போதும். மஞ்சள், ஆசிரியரின் வாதம். பச்சை, அந்த வாதத்துக்கு அவர் தரும் சான்று: கல்வெட்டு, புள்ளிவிவரம், களப்பணிப் பதிவு, எதுவானாலும். சிவப்பு, ஏற்க முடியாத இடம். நீலம், புரியாத இடம். நான்கில் நீலத்தைத்தான் மாணவர்கள் தொடவே மாட்டார்கள்; புரியாததை ஒப்புக்கொள்ளக் கூச்சம். உண்மையில் செமினாரில் நல்ல கேள்வி பிறப்பது பெரும்பாலும் நீலத்திலிருந்துதான். சிவப்பிலிருந்து வருவது சில சமயம் வெறும் மறுப்பாக நின்றுவிடும்.

பச்சையைத் தனியாகப் பிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. இடப்பக்கப் பட்டையின் அடியில் நிறவாரியாக வடிகட்டும் வசதி உண்டு. மஞ்சளை மட்டும் போட்டுப் பாருங்கள்: கட்டுரையின் எலும்புக்கூடு தெரியும். பச்சையை மட்டும் போட்டால், எந்த வாதத்துக்குச் சான்றே இல்லை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மஞ்சள் ஏழும் பச்சை இரண்டுமாக இருக்கும் கட்டுரையைப் பற்றி என்ன கேட்கவேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோடிடுவதில் அளவு மிக முக்கியம். முதல் வாசிப்பில் கோடே போடக்கூடாது. சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று ஒரு பதினைந்து நிமிடம் மேய்ந்துவிட்டு, இரண்டாம் வாசிப்பில்தான் நிறத்தைத் தொடவேண்டும். முப்பது பக்கக் கட்டுரைக்குப் பதினைந்து, அதிகம் போனால் இருபது கோடுகள். முதல் வாசிப்பிலேயே கோடிடத் தொடங்கினால், முன்னுரை முழுக்க மஞ்சளாகிவிடும். ஏனென்றால் முன்னுரையில் எல்லாமே முக்கியம் போலத்தான் தோன்றும். பின்னால் வரும் ஆய்வுப் பகுதியில் கோடே இருக்காது. கோட்டின் பரவலைப் பார்த்தாலே மாணவர் எந்தப் பக்கத்தோடு நிறுத்தினார் என்று சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வரியாவது கருத்து எழுதவேண்டும். கோட்டைச் சொடுக்கினால் கருத்துப் பெட்டி வரும். "முக்கியம்" என்று எழுதுவது கருத்தல்ல. "பக்கம் 12-இல் சொன்னதற்கு இது முரண்", "இந்த எண்ணிக்கை ஒரே ஒரு மாவட்டத்துடையது", "சங்க நூல்களிலிருந்து சான்று தருகிறார், ஆனால் பிற்கால உரையை வைத்துப் பொருள் கொள்கிறார்" என்ற மாதிரி இருக்கவேண்டும். அடுத்த கட்டத்தில் வரப்போகும் குறிப்பின் தரம் முழுக்க இந்த வரிகளைப் பொறுத்ததுதான்.

கோட்டிலிருந்து குறிப்பு

ஜோட்டெரோவின் உண்மையான பலம் இங்கே இருக்கிறது. நூலகப் பட்டியலில் கட்டுரையின் மேல் வலது சொடுக்கி, "ஆட் நோட் ஃப்ரம் அனொட்டேஷன்ஸ்" என்று கொடுத்தால், கோடிட்ட வாசகங்கள் எல்லாம் மேற்கோள் குறிக்குள், ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு ஒரு குறிப்பாக வந்து நிற்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் நீங்கள் எழுதிய கருத்து. குறிப்பில் உள்ள பக்க எண்ணைச் சொடுக்கினால், பிடிஎஃப்பில் அந்த வரியே திறக்கும். தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு இதுதான் பதில்: "எங்கே சொல்கிறார்?" என்று கேட்டால் இரண்டு சொடுக்கில் அந்த இடம்.

ஆனால் அப்படி வந்த குறிப்பை அப்படியே எடுத்துக்கொண்டு செமினாருக்குப் போனால் பயனில்லை. அது கட்டுரையின் துண்டுகள், கட்டுரை போன வரிசையிலேயே. அதை ஒரு பக்கமாகக் குறைக்கவேண்டும். மேலே, கட்டுரையின் வாதம் உங்கள் சொற்களில் ஒரே வாக்கியம். அதன்கீழ் மூன்று இடங்கள், பக்க எண்ணோடு. கடைசியில் இரண்டு கேள்விகள். வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுத வரவில்லை என்றால் மூன்றாம் முறை படிக்கவேண்டியிருக்கிறது என்று பொருள். மென்பொருளால் அதில் செய்ய எதுவுமில்லை.

கேள்வியைப் பற்றி ஒன்று. "இதைப் பற்றி மேலும் விளக்க முடியுமா?" என்பது கேள்வி கேட்டதாகக் கணக்குக் காட்ட மட்டுமே உதவும். ஒரு பச்சைக் கோட்டையும் ஒரு மஞ்சள் கோட்டையும் சேர்த்து எழுதிய கேள்விதான் விவாதத்தை நகர்த்தும்: "பக்கம் 214-இல் காட்டும் நிலப்பதிவு பாசனப் பகுதியைச் சேர்ந்தது. பக்கம் 220-இல் அதிலிருந்து மானாவாரி ஊர்களுக்கும் முடிவு சொல்கிறாரே, இடையில் என்ன சான்று?" குறிப்பில் இரண்டு பக்க எண்களும் அடுத்தடுத்து இருப்பதால் இப்படி எழுதுவது எளிதாகிறது.

பக்க எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனிக்காவிட்டால் மானம் போகும். இதழ்க் கட்டுரையின் முதல் பக்கம் அச்சில் 213 ஆக இருக்கும். கோப்பிலோ அது 1. ஜோட்டெரோ அச்சு எண்ணைத் தானே கண்டுபிடிக்கப் பார்க்கும், பல சமயம் சரியாகவே வரும். ஸ்கேன் செய்த கோப்பிலும், முன்னால் அட்டைப் பக்கம் ஒன்று ஒட்டப்பட்டு வரும் கோப்பிலும் தவறிவிடும். கோட்டுக் குறிப்பின் மூன்று புள்ளி மெனுவில் பக்க எண்ணைத் திருத்தலாம். அந்தக் கோட்டுக்கு மட்டுமா, அந்தப் பக்கத்திலிருந்து பின்னால் வரும் எல்லாவற்றுக்குமா என்று கேட்கும். குறிப்பை உருவாக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஏற்கெனவே உருவான குறிப்பில் பழைய எண் இருந்தால் அதைத் தனியாகச் சரிபார்க்கவேண்டும்.

கைத்தாள் கொடுக்கவேண்டிய செமினார் என்றால், வேர்டு நீட்சியில் குறிப்பைச் செருகும் பொத்தான் உண்டு. ஒரு பக்கமாகக் குறைத்த குறிப்பை அதன் வழியே கொண்டுவந்தால் மேற்கோள்கள் உயிரோடு வரும். கீழே துணைநூற்பட்டியலையும் அதுவே போட்டுக்கொடுக்கும். லிப்ரெஆபிஸ், கூகுள் டாக்ஸ் இரண்டுக்கும் இதே வசதி உண்டு. நகலெடுத்து ஒட்டினால் வெறும் எழுத்தாகத்தான் வரும்.

தமிழ்க் கோப்புகள்: மூன்று வகைத் தொல்லை

தமிழ், வரலாறு, சமூகவியல் துறை மாணவர்கள் அவசியம் படிக்கவேண்டிய பகுதி இது. ஆங்கிலக் கட்டுரையில் மேலே சொன்னதெல்லாம் தங்குதடையின்றி நடக்கும். தமிழ்க் கோப்பு வந்ததும் பாதி நின்றுவிடும். குற்றம் பெரும்பாலும் ஜோட்டெரோவுடையது அல்ல, கோப்புடையது. எந்த வகைக் கோப்பு என்று முதலில் தெரிந்துகொண்டால் அரை நாள் மிச்சம்.

முதல் வகை, வெறும் படம். பழைய நூல்களை மின்னாக்கம் செய்த தொகுப்புகளில், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமானாலும் ஈழத்து நூல்களைச் சேர்க்கும் நூலகம் தளமானாலும், கிடைக்கும் கோப்புகளில் பல இப்படிப்பட்டவை. பக்கம் கண்ணுக்குத் தெரியும், எழுத்து என்று ஒன்றும் உள்ளே இல்லை. கோடிடும் கருவியை இழுத்தால் எதுவும் பிடிபடாது. இதற்கு உடனடி வழி, செவ்வகமாக இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கருவி. வேண்டிய பத்தியைக் கட்டம் போட்டால் அது படமாகப் பிடிபடும். நிறம், கருத்து, பக்க எண் எல்லாம் அதற்கும் உண்டு. குறிப்பாக்கும்போது அந்தப் படமே குறிப்பில் வந்து உட்காரும். செமினாருக்கு இதுவே போதும். சொல்லப்போனால் கல்வெட்டு வாசகம், ஓலைச்சுவடிப் படம், பழைய எழுத்துரு ஆகியவற்றைக் காட்டவேண்டியிருக்கும்போது படமாக இருப்பதே நல்லது. தேடும் வசதியும் வேண்டும் என்றால் ஓசிஆர் செய்யவேண்டும், அதாவது படத்திலுள்ள எழுத்தைக் கணினி படித்து எழுத்தாக மாற்றவேண்டும். ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற இலவசக் கருவி, டெசராக்ட் என்ற எழுத்துணரியின் தமிழ்த் தரவைக் கொண்டு அதே கோப்பின் அடியில் எழுத்தடுக்கு ஒன்றைச் சேர்த்துத் தரும். தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்து மொழியாகக் கொடுங்கள். தமிழை மட்டும் கொடுத்தால் அடிக்குறிப்பிலுள்ள ஆங்கில நூற்பெயர்களைத் தமிழ் எழுத்தாகப் படிக்கப் பார்க்கும். பழைய அச்சின் சேர்ந்த ‘ணை’, ‘றா’, ‘லை’ வடிவங்களில் பிழை நிறைய வரும். அந்த எழுத்தை மேற்கோளாக எடுக்காதீர்கள், தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோடிடத் தொடங்குவதற்கு முன்பே ஓசிஆர் செய்து, அந்தக் கோப்பை உள்ளே சேர்ப்பது நல்லது. பிறகு கோப்பை மாற்றினால் குழப்பம்தான்.

இரண்டாம் வகை, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அச்சுக்கோத்தது. பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று பல. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனாலும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் அதன் பின்னும் நெடுங்காலம் ஓடின. திரையில் அழகான தமிழ் தெரியும். கோடிட்டுக் குறிப்பாக்கினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை வரும். மாணவர்கள் ஜோட்டெரோவைத் திட்டுவது இங்கேதான். கோப்புக்குள் உண்மையில் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போட்டிருக்கிறது. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால் பிடிஎஃப்பின் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். இரண்டு மூன்று மேற்கோளுக்கு இதெல்லாம் வேண்டாம். கட்டம் போடும் கருவியே சுருக்கமான வழி.

மூன்றாம் வகைதான் ஏமாற்றும். யூனிகோடு கோப்பு, கோடும் விழுகிறது, குறிப்பிலும் தமிழே வருகிறது. ஆனால் கொம்புகள் இடம்மாறி நிற்கும். "தொகை" என்று இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு தனியாக முன்னால் போய்விட்டிருக்கும். பிடிஎஃப் எழுத்து வடிவங்களை இடமிருந்து வலமாகப் பார்வைக்குத் தெரியும் வரிசையில் வைத்திருப்பதால் வரும் கோளாறு இது. எகர, ஏகார, ஐகார, ஒகர, ஓகாரக் கொம்புகள் உள்ள சொற்கள் எல்லாம் தேடலில் சிக்காது. ஆகவே தேடும்போது கொம்பில்லாத சொல்லைத் தேர்ந்தெடுங்கள்: "தொல்காப்பியம்" கிடைக்காது, "காப்பிய" கிடைக்கும். கைத்தாளில் போகும் மேற்கோளைக் கட்டாயம் கையால் திருத்துங்கள். கொம்பு சிதறிய மேற்கோளைக் கைத்தாளில் பார்த்த பேராசிரியர், மாணவர் மூலத்தைப் படிக்கவே இல்லை என்றுதான் முடிவு செய்வார்.

தமிழ்க் கோப்புகளுக்கு நூல்விவரமும் தானாக வராது. கையால்தான் நிரப்பவேண்டும். பெயர் இடத்தில் கவனம். ஜோட்டெரோ குடும்பப்பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டம் தருகிறது. "உ. வே. சாமிநாதையர்" என்றால் சாமிநாதையர் என்பதை முதல் கட்டத்திலும் முன்னெழுத்துகளை இரண்டாவதிலும் போடலாம். ஆங்கிலத் தரவிலிருந்து இறக்கினால் "ஐயர்" என்பது மட்டும் குடும்பப்பெயராக வந்து நிற்பதும் உண்டு. பட்டியலில் அவர் ஐயராகவே வரிசைப்படுவார். சங்கப்புலவர் பெயர், துறவுப்பெயர், நிறுவனப் பெயர் ஆகியவற்றுக்குப் பெயரின் பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்கிவிடுங்கள்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்க்கும் சோத்கங்கா தளத்திலிருந்து இறக்கும் ஆய்வேடுகள் இன்னொரு தலைவலி. அங்கே ஒவ்வொரு இயலும் தனிக் கோப்பு. ஒவ்வொன்றையும் இழுத்துப் போட்டால் ஒரே ஆய்வேடு எட்டு உருப்படிகளாகிவிடும். ஆய்வேடு என்ற வகையில் ஓர் உருப்படியைக் கையால் உருவாக்கி, எல்லாக் கோப்புகளையும் அதன்கீழ் இணைப்பதே சரி.

குழு நூலகம்

துறை முழுவதும் ஒரே கட்டுரையைப் படிப்பதற்குக் குழு நூலகம் அருமையான ஏற்பாடு. குழு தொடங்க இலவசம், உறுப்பினர் எண்ணிக்கைக்கும் காசில்லை. யார் எங்கே கோடிட்டார்கள் என்று பெயரோடு தெரியும். ஒருவர் கோட்டை மற்றவர் திருத்த முடியாது. செமினாருக்கு முந்தின இரவு பேராசிரியர் ஒருமுறை திறந்து பார்த்தால், எந்தப் பத்தியில் எல்லோரும் மோதுகிறார்கள், எதை யாருமே தொடவில்லை என்று தெரிந்துவிடும். அடுத்த நாள் அந்த இரண்டு இடங்களிலிருந்தே தொடங்கலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முதலில் கோடிட்டவர் பின்னால் படிப்பவர்களை இழுத்துக்கொண்டு போய்விடுவார். பத்துப் பேரும் அவர் காட்டிய இடத்திலேயே கோடிடுவார்கள், விவாதம் நான்கு வரியைச் சுற்றியே நிற்கும். எனவே, முதலில் அவரவர் சொந்த நூலகத்தில் தனியாகப் படித்துவிட்டு, குறித்த நாளுக்குப் பிறகே குழுப் பிரதியில் கருத்தை ஏற்றச் சொல்வது நல்லது. சொந்த நூலகப் பிரதியும் குழுப் பிரதியும் வேறு வேறு கோப்புகள். ஒன்றில் போட்ட கோடு மற்றதில் தெரியாது. இதைச் சொல்லாமல் விட்டால், "கோடெல்லாம் காணாமல் போய்விட்டது" என்று புகார் வரும்.

குழு தொடங்கும்போது தனிக்குழு என்றே தேர்ந்தெடுங்கள். யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பொதுக்குழுவில் கோப்புகளை வைக்கவே முடியாது, காப்புரிமைப் பிரச்சினை. நூலகத்தைத் திருத்தும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்தால் யாராவது ஒருவர் மொத்தக் கலெக்ஷனையும் அழித்துவைப்பார். கொடுக்காவிட்டால் கோடிட முடியாது. ஆறேழு பேர் குழுவுக்குக் கொடுக்கலாம். நாற்பது பேர் வகுப்பு என்றால் இந்த ஏற்பாடே சரிவராது.

செமினாரன்று காலை கழுத்தறுப்பவை

கோடுகளும் கருத்துகளும் பிடிஎஃப் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை, ஜோட்டெரோவின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஆகவே கோப்பை நேராக எடுத்துப் பென்டிரைவில் போட்டு அரங்கத்துக் கணினியில் திறந்தால் வெறும் கட்டுரைதான் இருக்கும். கோட்டோடு வேண்டுமானால் வாசிப்பானில் திறந்து, கோப்பு மெனுவில் வேறு பெயரில் சேமிக்கும் வழியாக ஒரு பிரதி எடுக்கவேண்டும்.

சிங்க் (கணினிகளுக்கிடையே நூலகத்தை ஒத்திசைப்பது) அமைப்பில், கோப்புகளைச் சிங்க் செய்யும்போதே இறக்கவா, தேவைப்படும்போது இறக்கவா என்று ஒரு தேர்வு இருக்கிறது. சொந்த நூலகத்துக்கும் குழு நூலகத்துக்கும் தனித்தனியாக. தேவைப்படும்போது என்று இருந்தால், தலைப்பெல்லாம் பட்டியலில் தெரியும், திறந்தால்தான் கோப்பு வரும். செமினார் ஹாலில் வைஃபை இல்லை என்றால் அதோடு கதை முடிந்தது. இரண்டையும் சிங்க் செய்யும்போதே என்று மாற்றுங்கள், அல்லது முந்தின நாளே ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஆய்வகத்தின் பொதுக் கணினியில் உங்கள் கணக்கை இணைக்காதீர்கள். விண்டோஸ் பயனர் கணக்கு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் நூலகமும் ஒன்றாகவே இருக்கும். அடுத்து உட்காருபவர் உங்கள் குறிப்பில் எழுதிக்கொண்டிருப்பார். அங்கே உலாவி வழியாக இணைய நூலகத்தைத் திறப்பது போதும், பிடிஎஃப்பும் அதிலேயே திறக்கும். இன்னொன்று: இடத்தை மிச்சம் பிடிக்க ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையை கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ வைப்பவர்கள் உண்டு. தரவுத்தளம் கெட்டுப்போக இதைவிட நல்ல வழி இல்லை.

தேடலிலும் ஒரு வரம்பு. ஒரு கோப்பின் முதல் 100 பக்கங்களை மட்டுமே இயல்பாக அட்டவணைப்படுத்தும். முழு நூலைப் போட்டுவிட்டு 300-ஆம் பக்கச் சொல்லை நூலகத் தேடலில் தேடினால் வராது. அமைப்பில் எண்ணைக் கூட்டலாம்; நூலைத் திறந்து உள்ளே தேடினால் எப்போதும் வரும்.

இடம், காசு, மாற்று மென்பொருள்கள்

கோப்புகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் இணையச் சேமிப்பிடம் 300 எம்பி. ஆங்கிலக் கட்டுரை ஒன்று ஓரிரண்டு எம்பி என்பதால் ஒரு பருவத்துக்குத் தாராளம். ஸ்கேன் செய்த தமிழ் நூல் ஒன்றே 40, 50 எம்பி வரும். ஏழெட்டு நூலில் நிரம்பிவிடும். அதற்குமேல் ஆண்டுக்கு 20 டாலருக்கு 2 ஜிபி, 60 டாலருக்கு 6 ஜிபி. குழு நூலகத்தின் கோப்புகள் குழுவைத் தொடங்கியவர் கணக்கில் ஏறும். எனவே மாணவர் ஒருவர் தலையில் கட்டாமல் துறையோ பேராசிரியரோ தொடங்குவதுதான் நியாயம். வெப்டேவ் என்ற இணைப்பு முறை வழியாக வேறு சேமிப்பிடத்தை இணைத்தால் சொந்த நூலகத்துக்குச் செலவில்லை. குழுவுக்கு அந்த வழி கிடையாது. நூல் முழுவதும் வேண்டாம், செமினாருக்கு வேண்டிய இயலை மட்டும் வெட்டிப் போடுங்கள். இடமும் மிச்சம், பக்க எண் திருத்துவதும் எளிது.

இதே வகை மென்பொருளான மெண்டலே இலவசமாக 2 ஜிபி தருகிறது. அது 2013 முதல் எல்செவியர் என்ற ஆய்விதழ் வெளியீட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கைப்பேசிச் செயலியை 2021-இல் நிறுத்திவிட்டார்கள். பேருந்தில் கைப்பேசியில் படித்துக் கோடிடும் மாணவருக்கு அதனால் அது உதவாது. கோட்டிலிருந்து பக்க இணைப்போடு குறிப்பு எடுப்பதில் ஜோட்டெரோவே மேல். இன்னொரு மாற்றான எண்ட்நோட் காசு கொடுத்து வாங்கவேண்டியது. பல்கலைக்கழகம் வாங்கித் தந்திருந்தால் ஒழிய இந்த வேலைக்காக வாங்கவேண்டிய அவசியமில்லை.

ஜோட்டெரோ செய்யாதது பேச்சுப் பயிற்சி. பதினைந்து நிமிடம் பேசவேண்டும் என்றால் ஒரு பக்கக் குறிப்பை எதிரில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் நேரம் வைத்து, உரக்கப் பேசிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. திரையைப் பார்த்துக் கோடிட்ட வாசகங்களை வரிசையாக வாசிக்கும் பழக்கத்தை இந்த மென்பொருள் வளர்த்துவிடவும் கூடும். அதனால் அரங்கில் மடிக்கணினி பக்க எண் தேட மட்டும் திறந்திருக்கட்டும், குறிப்பு காகிதத்தில் கையில் இருக்கட்டும்.

பருவத்துக்கு ஒரே ஒரு கட்டுரை, அதுவும் பத்துப் பக்கம் என்றால் இதை நிறுவவே வேண்டாம். பிரிண்ட் எடுத்துப் பென்சிலால் கோடிட்டு ஓரத்தில் எழுதுவது வேகம். வாரம் ஒரு கட்டுரை என்று பருவம் முழுக்கச் செமினார் நடக்கும் முதுகலை வகுப்பிலும், மூன்று ஆண்டுகளுக்கு முன் படித்ததைத் தேடி எடுக்கவேண்டிய முனைவர் பட்ட ஆய்விலும் இதற்கு ஈடில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் பருவத்தின் முதல் வாரத்தில், எளிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வைத்துப் பழகிவிட்டு, தமிழ்க் கோப்புகளை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.